ஒன்பது நீல விளக்குகள்

அக்டோபர் 9

இல்லை, விமான நிலையத்துக்குள் இரவில் இருட்டு கிடையாது. அப்படிக் கேட்பவர்கள் விமானத்தின் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர்கள். ஓடுபாதையின் இரு ஓரங்களிலும் வெள்ளை விளக்குகள். பாதை தொடங்கும் இடத்தில் பச்சை, முடியும் இடத்தில் சிவப்பு. அங்கிருந்து விமானங்கள் நிற்கும் தளத்துக்குப் போகும் வழிக்கு டாக்ஸிவே என்று பெயர். அதன் ஓரங்களில் நீலம். எல்லாம் முழங்காலுக்குக் கீழே. நீலத்துக்கு நடுவில் ஓர் ஆள் நின்றால் முகம் தெரியாது, பூட்ஸ் தெரியும்.

பயம் என்றால் பாம்புக்குத்தான். மழைக்காலத்தில் சூட்டுக்காக விளக்கின் அடியில் சுருண்டு கிடக்கும்.

என் வேலை அந்த விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்து எழுதுவது. மொத்தம் முந்நூற்று எண்பத்தாறு. ஒப்பந்த நிறுவனம் தந்த அட்டையில் 'பயிற்சிப் பொறியாளர்' என்று இருக்கிறது. எட்டு மாதமாகப் பயிற்சி. ஆகஸ்டிலிருந்து எனக்குத் தொடர்ந்து மாலை ஷிப்ட், இரண்டு மணி முதல் பத்து வரை. மற்ற இருவருக்கும் குடும்பம் இருக்கிறது. எனக்கு விடுதி அறையும் நூலக அட்டையும் இருக்கின்றன. அவை காத்திருக்கும் என்று நினைக்கிறார்கள்.

ஆறு மணிக்குப் படிவம் நிரப்பினேன். எல்லாம் சரி.

அக்டோபர் 10

மழை. படிவம். எல்லாம் சரி.

அக்டோபர் 11

கேண்டீனில் இசக்கிராஜ் அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிராக்டர் ஓட்டுபவர். வயல் டிராக்டர் இல்லை. விமானங்களை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தும் தட்டையான கனத்த வண்டி. அவர் வேறு நிறுவனத்தின் ஆள். பதினான்கு வருடம்.

“என்ன இஞ்சினியரு, இன்னிக்காவது வடையில பருப்பு இருக்கா?”

“தேடிக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி.”

“கெடச்சா சத்தம் குடு. பாதி எனக்கு.”

பிறகு வேலை விஷயமாக ஏதோ சொன்னார். பதில் சொன்னேன். அதற்குள் அம்மா கைபேசியில். நாளை ஞாயிறு, கோவிலுக்குப் போவாயா என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். பார்க்கிறேன் என்றால் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

படிவம். எல்லாம் சரி.

அக்டோபர் 12

விடுமுறை. துவைத்தேன். சீருடையின் ஒளிர்பட்டை துவைக்கத் துவைக்க உரிகிறது. புதியது கேட்டு மூன்று மாதம்.

நூலகப் புத்தகத்தில் பதினாறு பக்கம் படித்தேன். ஒரு வரிகூட ஏறவில்லை.

அக்டோபர் 13, இரவு பதினொன்று ஐம்பது

எட்டு நாற்பதுக்கு நடந்தது.

கடைசி விமானம் பயணிகளை இறக்கியபின், இரவு நிறுத்தத்துக்காக அதைத் தெற்கு மூலைக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். இழுத்தவர் இசக்கிராஜ் அண்ணாச்சி. கடும் மழை. டாக்ஸிவேயின் வளைவில் டிராக்டர் தார்ப்பரப்பை விட்டு வெளியே போய், ஓர வடிகாலில் விழுந்து சாய்ந்திருக்கிறது. விமானத்தின் முன்சக்கரத் தூண் முறிந்தது. அண்ணாச்சியின் இடது கை வண்டிக்கும் வடிகால் சுவருக்கும் நடுவில்.

சிறகு எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளக் கூடவே நடந்த இருவரும் நாங்கள் சிறகின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றார்கள். உண்மைதான். அவர்கள் வேலை அது.

நான் விளக்குகளுக்குக் கரண்ட் அனுப்பும் ரெகுலேட்டர் அறையில் இருந்தேன். எதுவும் கேட்கவில்லை. வாக்கி-டாக்கியில் ஒருவர் மேல் ஒருவர் பேசியது மட்டும் கேட்டது.

ஒன்பதே காலுக்கு ஞானதுரை சார் வந்தார். எங்கள் நிறுவனத்தின் இங்குள்ள பொறுப்பாளர். தலை நனைந்திருந்தது.

“ஸ்டோர் சாவி உங்கிட்டதான? அந்தத் தனிப் பெட்டியத் திற. நீலத்துக்கு ரெண்டு பல்பு எடு.”

அந்தப் பெட்டி, மேலிடத்திலிருந்து யாராவது ஆய்வுக்கு வந்தால் போடுவதற்கென்று ஒதுக்கி வைத்தது. எடுத்துக் கொடுத்தேன். எங்கள் எலக்ட்ரீஷியன் சுடலைமணி அண்ணன் வாங்கிக்கொண்டு மழைக்குள் போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வளைவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆறு மணிப் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அக்டோபர் 14

வளைவுக்குப் போய்ப் பார்த்தேன். எல்லா விளக்குகளும் எரிகின்றன.

டிராக்டரைத் தூக்கிவிட்டார்கள். வடிகாலில் ஒரு செருப்பு மிதந்தது. பூட்ஸ் போட்டுத்தானே ஓட்ட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

அக்டோபர் 16

ஞானதுரை சார் கூப்பிட்டார். மேஜையில் பதிமூன்றாம் தேதிப் படிவம்.

“ஜெபா, உன் எழுத்து முத்து முத்தா இருக்கும்மா. மத்தவன் எழுதுனா நானே வாசிக்க முடியாது. இத பாரு, ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனியா டிக்.”

“தேங்க்ஸ் சார்.”

“விசாரணைக் குழுவுக்கு இதான் மெயின். விளக்கு எரிஞ்சுது, எழுத்துல இருக்கு, ரெண்டு கையெழுத்து. அப்ப யாரு தப்பு? வண்டி ஓட்டுனவன் தப்பு. வேகம். கவனக்குறைவு. முடிஞ்சுது.”

“அவருக்கு என்ன ஆகும் சார்?”

“உள்ள வண்டி ஓட்டுத பெர்மிட்டு போயிரும். நெரந்தரமா. வேற எங்கயும் ஓட்ட முடியாது. கைய வேற எடுக்கணும்ங்காவ. இனி ஓட்டி என்ன செய்ய?”

எழுத்தைப் பாராட்டியதற்கு நன்றி சொல்லிவிட்டேன் என்பது படியில் இறங்கும்போதுதான் உறைத்தது.

அக்டோபர் 18

அரசு மருத்துவமனை. மூன்றாம் மாடி, எலும்புப் பிரிவு. கை இருக்கிறது. இரண்டு விரல்கள் இல்லை. கட்டுக்கு வெளியே மூன்று நகங்கள் தெரிந்தன, மஞ்சளாக.

“வா இஞ்சினியரு. பூங்கனி, பிள்ளைக்கு அந்த ஸ்டூலத் தள்ளு.”

அவர் மனைவி பூங்கனி மதினி ஸ்டூலைத் தள்ளினார். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், யாருக்கென்று தெரியாமல்.

“என்ன நடந்துச்சு அண்ணாச்சி?”

“எண்ணுனேன், திரும்புனேன். அவ்வளவுதான்.”

“என்னத்த எண்ணுனீங்க?”

“ஒனக்குத் தெரியாதா? நாங்க எல்லாருமே அப்பிடித்தான். மழையில மஞ்சக்கோடு தெரியாது பாத்துக்கோ. பின்னால அம்பது டன்னு வருது, கண்ணு பாதி கண்ணாடியில இருக்கும். அதனால இடது பக்கத்து நீலத்த எண்ணிக்கிட்டே போவோம். தீயணைப்பு வாசலத் தாண்டுனா ஒண்ணு. ஒன்பது வந்தா ஸ்டியரிங்க ஒடிக்கணும். பதினாலு வருசமா ஒன்பதுதான்.”

“அன்னிக்கு?”

“அன்னிக்கும் ஒன்பதுதான்.” சிரித்தார். “விசாரணைக்கு வந்தவுக கேட்டாவ, இது எந்த விதிமொறையில இருக்குன்னு. எம்மூளையிலதான் சார் இருக்குன்னேன். எழுதிக்கிட்டாவ.”

மதினி ஒரு சுளையை என் கையில் வைத்தார். சாப்பிட்டேன். மிகவும் புளிப்பு.

அக்டோபர் 20

தீபாவளி. விடுதியில் நானும் சமையல்காரம்மாவும் மட்டும். வெடிப் புகை ஓடுபாதையை மூடுவதால் இன்று வெள்ளை விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டி வைக்கச் சொல்லி டவரில் இருந்து கேட்டார்கள். கூட்டினேன். ஒரு குமிழைத் திருப்புவதுதான். மீட்டர் ஏறி, நின்றது.

மீட்டரைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் பத்து நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

வேலையின் முறை இது: மாலை ஆறு மணிக்கு ஜீப்பில் முழுப் பாதையையும் ஒருமுறை ஓட்டி, எரியாத விளக்குகளை எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ஜீப்பை வேறு ஊர் வேலைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். “மீட்டரப் பாத்து எழுது. ஆறு புள்ளி ஆறு ஆம்பியர் காட்டுனா எல்லாம் எரியுதுன்னுதான அர்த்தம்” என்றார் ஞானதுரை சார். அவருக்கு முன் இருந்தவரும் அப்படித்தான் சொன்னாராம்.

அர்த்தம் அதுவல்ல. ஒரு விளக்கு போனால் மற்றவையும் அணைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு விளக்குக்கும் அடியில் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ரெகுலேட்டரின் வேலை கரண்டை ஒரே அளவில் பிடித்து வைப்பது. இரண்டு பல்பு செத்தாலும் மீட்டர் ஆறு புள்ளி ஆறுதான் காட்டும். விளக்கைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இது ஞானதுரை சாருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் கணக்குப் பிரிவில் இருந்து வந்தவர். எனக்குத் தெரியும். ஆறாம் பருவத்தில் பதினைந்து மதிப்பெண் கேள்வி. படம் வரைந்து எழுதினேன்.

தெரிந்தே டிக் போட்டேன். படித்த படிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது, தெரியாதவரின் பின்னால் நின்றுகொள்வது.

அக்டோபர் 22

காலையில், ஷிப்டுக்கு முன்பே போய், சுடலைமணி அண்ணனிடம் அளவு நாடா கேட்டேன்.

“எதுக்கு?”

“வளைவ அளக்க.”

“அளந்து?”

“தெரிஞ்சுக்க.”

அவர் நாடாவை எடுத்துக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு வயது. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் முடித்தவர். பிறகு நாடாவின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டு நடந்தார். தளத்தில் விமானம் இல்லாத நாற்பது நிமிடம். டவரில் அனுமதி வாங்கியிருந்தேன், 'விளக்குப் பராமரிப்பு' என்று. ஜீப் போனபின் அதுவரை அந்தக் காரணத்தைச் சொல்லி ஒருமுறைகூட அனுமதி வாங்கியதில்லை.

தீயணைப்பு வாசலிலிருந்து முதல் விளக்கு. பிறகு பதினைந்து மீட்டருக்கு ஒன்று. ஒன்பதாவது விளக்குக்கு நேராக மஞ்சள்கோடு வளையத் தொடங்குகிறது. விசாரணைக்காரர்கள் பெயிண்டில் குறித்து வைத்த அண்ணாச்சியின் டயர் தடம் அங்கே வளையவில்லை. நேராகப் போகிறது. பதினோராவதற்கு நேராகத்தான் வளைகிறது. முப்பது மீட்டர் தாமதம். அதன்பின் திரும்ப இடமில்லை.

வேகமாக வந்த டயர் தேய்த்துக்கொண்டு போகும். இது தேய்க்கவில்லை. நிதானமாக, சரியாக, தப்பான இடத்தில் திரும்பியிருக்கிறது.

மற்ற விளக்குகளின் கண்ணாடி மேல் செம்மண் படிந்திருந்தது. ஆறும் ஏழும் மட்டும் துடைத்தமாதிரி.

“இந்த ரெண்டுதான அண்ணே?”

“நாடாவச் சுத்து பிள்ள. வெயில் ஏறுது.”

“அண்ணே.”

“எம்புட்டுத் தடவ கேட்டாலும் நாடாவத்தான் சுத்தச் சொல்லுவேன். எனக்கு இன்னும் ஆறு வருசம் இருக்கு.”

சுற்றினேன்.

அக்டோபர் 24

ஞானதுரை சார் சந்தோஷமாக இருந்தார். இசக்கிராஜின் வாக்குமூல நகல் அவருக்கு எப்படியோ கிடைத்துவிட்டது. என்னிடம் நீட்டினார். “வாசி. கேஸே முடிஞ்சுபோச்சு.”

மூன்றாம் பக்கம்.

கேள்வி: அந்த வளைவில் விளக்கு எரியவில்லை என்று விபத்துக்கு முன்பு யாரிடமாவது புகார் சொன்னீர்களா?

பதில்: இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அடியில் வலதுகைக் கையெழுத்து. இசக்கிராஜ் இடதுகைக்காரர். அந்தக் கோணல் எழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“மதியம் சாப்பிடல சார்.”

அக்டோபர் 25

பதினொன்றாம் தேதி கேண்டீனில் அவர் சொன்னதை எழுதுகிறேன். அன்றைக்கு 'ஏதோ சொன்னார்' என்று எழுதியிருக்கிறேன். எனக்கு மட்டும் என்று எழுதும் நோட்டிலேயே.

“வளைவுக்கு முன்னால ரெண்டு கண்ணு அவிஞ்சு கெடக்கு இஞ்சினியரு. ஆறும் ஏழும். நாலு நாளா நான் ஒன்பதுக்குப் பதிலா ஏழு எண்ணித் திரும்பிக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியும், மத்தவனுக்குத் தெரியணும்ல? ஒரு எழுத்து எழுதி பல்ப மாட்டிவிடு.”

நான் சொன்னேன்: “திங்கக்கெழம ஒன்பதே எண்ணுங்க அண்ணாச்சி. போட்டிருவோம்.”

பதிமூன்றாம் தேதி திங்கட்கிழமை.

மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. அன்று மாலை படிவத்தின் முன் பேனாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 'இரண்டு எரியவில்லை' என்று எழுதினால், எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். ஐந்தாறு நாளாக என்றால் அத்தனை நாளும் எப்படி டிக் போட்டாய் என்பார்கள். ஜீப் இல்லை என்றால் எப்போதிலிருந்து இல்லை என்பார்கள். ஒரு நாள் உண்மையை எழுதினால் அதற்கு முந்தைய எல்லா நாளும் பொய்யாகிவிடும். ஆகவே முந்தைய நாட்களைக் காப்பாற்றினேன்.

டிக். எல்லாம் சரி.

அவர் நான் சொன்னபடி செய்தார். திங்கட்கிழமை ஒன்பது எண்ணினார்.

அக்டோபர் 26

மருத்துவமனை. மதினி கேண்டீனுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன்.

“ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க?”

“எப்படி?”

“யார்கிட்டயும் சொல்லலன்னு.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “சொன்னா யார்ட்டன்னு கேப்பாவ.”

“என்கிட்டன்னு சொல்லணும்.”

“சொல்லி? எனக்குப் போன ரெண்டு வெரலும் முளைக்குமா? நீ படிச்ச பிள்ள. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்க. ஒரு கேசுல பேரு விழுந்துச்சுன்னா பெறவு எவன் வேல குடுப்பான்? எனக்கு நாப்பத்தாறு. எங்கயாவது வாட்ச்மேனாப் போயிருவேன்.”

“வேகமா ஓட்டி ஒரு விமானத்த ஒடச்ச ஆளுன்னு பேரோட.”

“பேரு கெடக்கு.”

“உங்களுக்குக் கெடக்கட்டும். எனக்கு வேண்டாம்.” என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பினார். “உங்கள யாரு என்னக் காப்பாத்தச் சொன்னா? நான் கேட்டனா? நான் சின்னப் பிள்ளையா?”

“கத்தாத. ஆஸ்பத்திரி.”

“தப்புப் பண்ணுனது நான். அத நீங்க எடுத்துக்கிட்டா அது தானம் இல்ல அண்ணாச்சி. நான் ஒரு ஆளே இல்லன்னு சொல்லுதீங்க.”

அவர் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்தார். பிறகு, “ஒனக்கு வாய் ஜாஸ்தி” என்றார்.

அவர் முகத்தில் கோபம் இருந்தது. இதற்குமுன் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. கடைசியில் கோபம் சரியான ஆளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அக்டோபர் 27

விசாரணை. நிர்வாகக் கட்டடத்தின் குளிர் அறை. மூன்று பேர். தலைமை, சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா. கண்ணாடியை அடிக்கடி கழற்றித் துடைப்பவர். சுவரோரமாக ஞானதுரை சார். நிறுவனங்களின் ஆட்கள் உட்காரலாம், பேசக் கூடாது.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமா மேடம்.”

“பதிமூணாம் தேதி மாலை அந்த வளைவுல எல்லா விளக்கும் எரிஞ்சுதா?”

“தெரியாது.”

கண்ணாடி கழன்றது. “எரிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க.”

“எழுதியிருக்கேன். பார்க்கல.”

“பார்க்காம எப்படி எழுதினீங்க?”

“மீட்டரப் பார்த்து.”

“மீட்டர் சரியா காட்டினா விளக்கு எரியுதுன்னு அர்த்தமா?”

“இல்ல மேடம். அது எனக்கு அப்பவே தெரியும்.”

சுவரோரம் நாற்காலி நகர்ந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவேன்.

அந்த வளைவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கேண்டீன். ஏழு எண்ணியது. திங்கட்கிழமை ஒன்பது எண்ணச் சொன்னது. இரவு ஒன்பதே காலுக்குத் தனிப் பெட்டியிலிருந்து இரண்டு பல்பு எடுத்துக் கொடுத்தது. நாடா அளவு. டயர் தடம். யார் போட்டார்கள் என்று கேட்டார்கள். சாவி என்னிடம் இருந்தது, எடுத்தது நான், கேட்டது ஞானதுரை சார், போட்டதை நான் பார்க்கவில்லை என்றேன். அந்தக் கடைசி வாக்கியம் உண்மை. அது உண்மையாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம்.

“ஆனா இசக்கிராஜ் யார்கிட்டயும் சொல்லலைன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே?”

“பொய் சொல்லியிருக்கார் மேடம்.”

“ஏன்?”

“என் வேலை போயிரக் கூடாதுன்னு.”

“அவர் உங்களுக்கு உறவா?”

“இல்ல. அதத்தான் நானும் அவர்கிட்ட கேட்டேன். சண்டையே போட்டேன்.”

மூவரில் ஒருவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. “உங்களுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?” என்றார்.

“முழுசாத் தெரியாது. தெரிஞ்ச அளவே போதும்.”

வெளியே வந்து கொஞ்சம் வெயிலில் நின்றேன்.

அக்டோபர் 28

அட்டையை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறு உத்தரவு வரும்வரை.

மாலை பூங்கனி மதினி கூப்பிட்டார். எண் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை.

“அவியள மறுபடியும் கேக்கப் போறாவளாம். நேத்துலருந்து ஒரு வார்த்த பேச மாட்டேங்காவ. ஒம்மேல கோவமா, தம்மேல கோவமான்னு தெரியல.”

“என்மேலதான் மதினி.”

“நீ சொன்னது நெசமா? ஒன்பது எண்ணச் சொன்னது நீதானா?”

“நாந்தான்.”

மறுமுனையில் மருத்துவமனை ஒலிபெருக்கியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு வைத்துவிட்டார். மன்னிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை, எதிர்பார்த்தேன்.

அக்டோபர் 29

ஞானதுரை சார் விடுதி வாசலுக்கே வந்தார். உள்ளே ஆண்கள் வரக் கூடாது. கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஸ்கூட்டரில் இருந்து இறங்காமல் பேசினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“ஏம்மா, உனக்கு எதிரா நான் என்னிக்காவது ஒரு வார்த்த எழுதியிருக்கனா?”

“இல்ல சார்.”

“நான் உன் நல்லதுக்குச் சொல்லுதேன். நடந்தது நடந்துபோச்சு. ஒரு பேப்பர் கொண்டாந்திருக்கேன். பதிமூணாம் தேதி உடம்பு சரியில்ல, மழை, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் போய்ப் பாக்கல. அதுல கையெழுத்துப் போடு. இசக்கிராஜ் தப்பிச்சிருவான். அதான உனக்கு வேணும்? உனக்கு ரெண்டு மாசம் சஸ்பெண்டு. அப்புறம் வேற ஊர் சைட்டுல நானே சேத்துவிடுதேன். கம்பெனியும் தப்பிக்கும். எல்லாருக்கும் நல்லது.”

“சுடலை அண்ணன்?”

“அவனும்தான்.”

“ஜீப்?”

“என்ன ஜீப்பு?”

“ஜீப் திரும்பி வருமா சார்?”

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. “ஆகஸ்டுலருந்துன்னு சொன்னன்னு வச்சுக்கோ, கிரிமினல் கேஸு உம்மேலதான் மொதல்ல. நான் மேற்பார்வையாளன். நீ கண்ணால பாத்தேன்னு எழுதுனவ. பொம்பளப் பிள்ள கோர்ட்டுக்கு அலையுவியா?”

“பஸ் இருக்கு சார்.”

தாளைக் கேட்டின் கம்பிக்கிடையில் சொருகிவிட்டுப் போனார். நன்றாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். என் பெயருக்கு மேலே, கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் பழக்கத்தில் என் கை போய்விடுமோ என்று அறைக்கு எடுத்து வரவில்லை. சமையல்காரம்மாவிடம் அடுப்புக்குக் கொடுத்தேன்.

நியாயமாகப் பார்த்தால் அது நல்ல தாள்தான். அண்ணாச்சியை அது காப்பாற்றும். ஆனால் நாளை மாலை ஆறு மணிக்கு வேறொரு பெண் அந்த அறையில் மீட்டரைப் பார்த்து டிக் போடுவாள். இன்னொரு டிரைவர் ஏதோ ஒரு வளைவில் ஏதோ ஓர் எண்ணை எண்ணிக்கொண்டு வருவார். 'ஒரு நாள் மட்டும்' என்று நான் எழுதிக் கொடுத்தால் மற்ற நாட்கள் அப்படியே நடந்துகொண்டிருக்கும்.

நான் ஒரு நாள் மட்டும் தவறியவள் இல்லை. அதை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

அக்டோபர் 30

கைபேசியின் ஷிப்ட் குழுச் செய்திகளிலிருந்து தேதிகளை எடுத்தேன். ஆகஸ்ட் 4 முதல் அக்டோபர் 13 வரை. விபத்துக்குப் பின் படிவம் என்னிடம் வரவில்லை. ஞாயிறுகள் போக, நான் கையெழுத்திட்ட படிவங்கள் அறுபத்தொன்று. அதில் ஒன்று உண்மை. முதல் நாளுடையது. ஜீப் இருந்த நாள்.

அம்மாவிடம் சொன்னேன். அழவில்லை. “ஒரு வக்கீலப் பாத்து வைக்கணும்” என்றாள். எங்கள் சபையில் ஒருவர் இருக்கிறாராம். “ஞாயித்துக்கெழம கோவிலுக்கு வந்தேன்னா நானே அவர்ட்டக் கூட்டிட்டுப் போறேன்.” சரி என்றேன். இந்த முறை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 31

காலை பத்து மணிக்கு நிர்வாகக் கட்டடத்துக்குப் போனேன். அட்டை இல்லாததால் பார்வையாளர் சீட்டு வாங்கி, வரிசையில் நின்றேன். அறுபத்தொரு தேதிகளையும் என் கையால் எழுதிய பட்டியல், மூன்று நகல். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே 'நேரில் பார்க்கவில்லை'. ஆகஸ்ட் நான்குக்கு எதிரே மட்டும் 'பார்த்தேன், நான்கு விளக்குகள் எரியவில்லை'. மேலொப்பம் இட்டவர் என்ற பத்தியில் அறுபத்தொரு முறை ஞானதுரை சாரின் பெயர். ஜீப் எடுத்துப் போன தேதி, சொன்ன வாய்மொழி உத்தரவு, தனிப் பெட்டி, எல்லாம் அடியில். என் முழுப் பெயர், ஜெபசீலி தங்கராஜ். கையெழுத்து.

அலுவலக உதவியாளர் படித்துப் பார்த்துவிட்டு, “இத நீங்களே எழுதுனீங்களா? யாரும் எழுதச் சொன்னாங்களா?” என்றார்.

“நானே.”

“ஒரு தடவ கொடுத்தா திரும்ப வாங்க முடியாதும்மா.”

“முத்திர போடுங்கண்ணே.”

போட்டார். ஒரு நகலை அங்கே கொடுத்தேன். ஒன்றைப் பதிவுத் தபாலில் சென்னைக்கு, அந்த அம்மாவின் பெயருக்கு அனுப்பினேன். மூன்றாவதை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். மதினி வாசலிலேயே நின்று வாங்கி, படித்து, மடித்து, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து படியில் இறங்கி, பதினேழாம் எண் பேருந்தில் விடுதிக்கு வந்து, சாப்பிட்டேன்.